பேட்ரிக் மூரின் கடைசிக்கால நிகழ்ச்சிகள்: அவசியம் பாருங்கள்

பிபிசியின் ‘தி ஸ்கை அட் நைட்’ மாதாந்திர வானியல் நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்தவை பேட்ரிக் மூரின் முதுமைக்காலப் பகுதிகள்தான். 1957 முதல் 2012-இல் 89 வயதில் மறையும் வரை அவரே நடத்தினார். நடக்க முடியாமல் போனபின் படப்பிடிப்பு இங்கிலாந்தின் கடலோர ஊரான செல்சியில் இருந்த அவர் வீட்டுக்கே வந்தது. சக்கர நாற்காலி, ஒரு கண்ணில் மட்டும் அணியும் மூக்குக்கண்ணாடி, குழறும் பேச்சு. ஆனால் நிலவைப் பற்றிப் பேச்செடுத்தால் பழைய வேகம் திரும்பிவிடும்! அடுத்த மாதமும் மனிதர் இருப்பாரா என்று நண்பர்களோடு கேலி பேசுவோம். பயம்தான் அப்படிப் பேசவைத்தது. 2007 பொன்விழாப் பகுதியைத் தவறவிடாதீர்கள். பலகுரல் கலைஞர் ஜான் கல்ஷா இளவயது மூராகவே வருகிறார். தொடக்ககாலப் பதிவுகள் பல அழிந்துபோனதுதான் ஆறாத வருத்தம். மூர் வேகமாகப் பேசுவார், திரையில் வசனம் ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள்.