ஆல்கலைன் என்று சொல்லி சாதா செல்லைத் தலையில் கட்டிவிட்டார்கள், 3,150 ரூபாய் போச்சு

பென்சில் செல்லை ஆன்லைனில் பெட்டியாக வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். எனக்கு 3,150 ரூபாய் நஷ்டம். செல் பெட்டி 850, அது ஒழுகி நாசமாக்கிய பிபி மெஷின் 2,300. எப்படிப் பார்த்து வாங்குவது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

எல்லாரும் வாங்குகிற பெரிய ஷாப்பிங் ஆப்தான். படத்தில் 'ஆல்கலைன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதோடு விடாமல் விற்பவரிடமே கேட்டேன்: அம்மாவின் பிபி மெஷினுக்குப் போடணும், ஒழுகாதே? "ஒரிஜினல் ஆல்கலைன் சார், அம்மாவுக்குத்தானே, தைரியமா போடுங்க" என்றார். அம்மாவுக்கு என்று தெரிந்தே இப்படிச் சொல்லியிருக்கிறார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நேற்று காலை மெஷின் ஆன் ஆகவில்லை. மூடியைத் திறந்தால் ஸ்பிரிங் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது, செல்லின் அடியில் பிசுபிசுவென்று ஈரம். மேலே சுற்றியிருந்த தாளை உரித்தேன். உள்ளே இன்னொரு உறை, அதில் 'ஆர்6'. ஆல்கலைன் என்றால் 'எல்ஆர்6' என்று இருக்கவேண்டும். வெறும் ஆர்6 என்றால் பழைய துத்தநாக-கார்பன் செல். அதில் துத்தநாகக் குவளையேதான் நெகட்டிவ் முனை. கரண்ட் கொடுக்கக் கொடுக்க அந்தக் குவளைதான் கரையும். டப்பாவே கரைந்தால் உள்ளே இருக்கிற குளோரைடு பசை எங்கே நிற்கும்? அந்த உறையையும் உரித்தால் தகடு முழுக்க ஊசியால் குத்தியதுபோல் ஓட்டை. ஆல்கலைனில் துத்தநாகம் பொடியாக நடுவில் இருக்கும், வெளியே இருப்பது இரும்பு உறை, கரண்ட் எடுப்பதால் அது கரையாது. அதுவும் தீர்ந்தபின் அப்படியே விட்டுவைத்தால் ஒழுகும்தான், ஆனால் நான் காசு கொடுத்தது அதற்கு, இதற்கு இல்லை.

ஆப்பில் கேட்டால் "ரிட்டர்ன் காலம் முடிந்தது". விற்பவர், "உங்க மெஷின்லதான் கோளாறு". மெஷின் சர்வீஸில், "பேட்டரி ஒழுகினா வாரண்டி வராது". திரும்பக் கஸ்டமர் கேருக்குப் போனால், "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரி, சாட் மூடிவிட்டது. வருத்தம் எனக்கு எதற்கு? என் 3,150 ரூபாய் வேண்டும்.

சரி, வாங்கினால் முதலில் எல்ஆர்6 இருக்கிறதா பாருங்கள். தாள் மேல் தாள் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். தராசு இருந்தால் வையுங்கள், ஆல்கலைன் 23 கிராம் பக்கம் வரும், எனக்கு வந்தது 16தான். எல்லாம் பெட்டி வந்த அன்றே. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த ஆள் இன்னும் அதே பெட்டியை அதே 850 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருக்கிறார்.