போஸ்ட்ஃபிக்ஸ் கியூ: பல வருடப் பாவனைக்குப் பிறகு

கொழும்பில் சின்ன, நடுத்தரக் கொம்பனிகளுக்கு மெயில் சேர்வர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். கோட்டையில் ஒரு கப்பல் சரக்கு முகவர், புறக்கோட்டையில் சில இறக்குமதிக்காரர், வெள்ளவத்தையில் ஒரு கணக்காய்வு நிறுவனம். ஒரேயொரு இடத்தில் ஹொஸ்டிங் பனலோடு வந்த எக்ஸிம் என்ற மெயில் அனுப்பும் மென்பொருள் ஓடுகிறது. மற்ற எல்லா இடத்திலும் அதே வேலையைச் செய்யும் போஸ்ட்ஃபிக்ஸ். இவர்களில் யாராவது கூப்பிட்டு "தம்பி, மெயில் போகேல்லையாம்" என்றால் நான் முதலில் பார்ப்பது, இன்னும் போகாத மெயில்கள் காத்து நிற்கும் வரிசையான கியூவைத்தான். அந்தக் கியூவைக் கட்டளை வரியிலிருந்து கையாளத் தந்திருக்கும் கருவிகள் நெடுநாள் பாவனையில் எப்படி இருக்கின்றன என்பதுதான் இந்தப் பதிவு. நிறுவும் முறை இதில் இல்லை; அதற்கு நல்ல வழிகாட்டிகள் ஏற்கனவே நிறைய உண்டு.

என் அபிப்பிராயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். கருவிகள் நல்லவை, நம்பலாம். ஆனால் நம் ஆட்கள் கைப்பழக்கமாகத் தட்டும் ஃபிளஷும் (எல்லாவற்றையும் உடனே திரும்ப முயலச் சொல்வது) டிலீட்டும்தான் ஆகக் குறைவாகப் பாவிக்க வேண்டியவை. நான் அதிகம் நம்பியிருப்பது, மெயிலை அழிக்காமல் ஒதுக்கி வைக்கும், பலர் ஒருமுறைகூடத் தொட்டிராத ஹோல்ட்டை.

பார்ப்பதற்கு இருப்பது போஸ்ட்கியூ கட்டளையின் சின்ன பி, அதாவது கட்டளையோடு சேர்த்து அடிக்கும் -p. பழைய மெயில்கியூ என்று அடித்தாலும் அதேதான் வரும். ஒவ்வொரு மெயிலுக்கும் கியூ ஐடி, அளவு, வந்த நேரம், அனுப்பியவர். அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ஏன் போகவில்லை என்ற காரணம். அதற்கும் கீழே பெறுநர். ஐடிக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த நேரத்தில் அனுப்ப எடுத்த அக்டிவ் கியூவில் இருக்கிறது, ஆச்சரியக்குறி இருந்தால் ஹோல்ட்டில் இருக்கிறது, ஒன்றும் இல்லாவிட்டால் பெரும்பாலும் டிஃபர்ட், அதாவது பிறகு திரும்ப முயல ஒத்திவைத்தது. நேரத்தில் வருடம் வராது. சேர்வர் சிங்கப்பூரில் ஒரு டேட்டா சென்டரில் உலக நேரத்தில் ஓடுகிறதென்றால் அஞ்சரை மணித்தியாலம் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். காலை ஒன்பதுக்கு அனுப்பிய மெயில் மூன்றரைக்கு வந்ததாகக் காட்டும், "நடுச்சாமத்தில யார் அனுப்பினது?" என்று புதிதாக வேலைக்கு வரும் பெடியன்கள் எல்லாரும் கேட்பார்கள்.

இந்த வெளியீட்டின் அருமை அதன் எளிமை. காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, போனில் எஸ்எஸ்எச் போட்டுச் சேர்வருக்குள் போய், சிக்னல் இரண்டு கோடு இருந்தாலும் பார்த்துவிடலாம். கடைசி வரியை மட்டும் எடுத்தால் எத்தனை மெயில், எத்தனை கிலோபைட் என்று வந்துவிடும். எந்த வெப் பனலும் அந்த வேகத்தில் திறந்ததில்லை.

டிஃபர்ட் என்றதும் பதறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. முதல் தடவை போகாத மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் 300 செக்கன் கழித்து மறுபடி அனுப்பிப் பார்க்கும். அதற்குப் பிறகு, மெயில் கியூவில் எவ்வளவு நேரம் கிடந்ததோ கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் பொறுத்து அடுத்த முயற்சி. அதாவது இடைவெளி 5 நிமிடம், 10, 20, 40 என்று இரட்டித்துப் போய் 4000 செக்கனில் நின்றுவிடும். அதிலிருந்து ஏறக்குறைய மணிக்கொரு தடவை, 5 நாள் வரைக்கும். அதற்குள்ளும் போகாவிட்டால்தான் அனுப்பியவருக்குத் திரும்பும். தெரியாத சேர்வரை முதல் தடவை வேண்டுமென்றே திருப்பி அனுப்பும் கிரேலிஸ்டிங் உள்ள இடங்களுக்குப் போகும் மெயில், இந்தக் கணக்கிலேயே தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். நாம் ஒரு விசையையும் தட்டத் தேவையில்லை.

இந்த 5 நாளின் பெறுமதி எனக்கு விளங்கியது 2022இல். அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருந்த இடங்களில் டீசல் இல்லை. வாடிக்கையாளர் பலருக்கு வெளியுலக மெயிலை வாங்கும் சேர்வர் வெளிநாட்டில். மெயில் பெட்டிகள் உள்ள சேர்வரோ ஒபிசின் பின்னறையில், ஒரு யூபிஎஸ்ஸின் தயவில். வெட்டு தொடங்கி யூபிஎஸ் படுத்தால் அவர்களுக்கான மெயில் எல்லாம் என் பக்கத்துக் கியூவில் வந்து குவியும். காரணம் ஒரே வரி: இணைப்பு நேரம் கடந்தது. அதற்கு முதல், கியூ வாழ்நாளை ஒரு நாளாகக் குறைத்தால் பிழைகள் கெதியாகத் தெரியும் என்று பலர் எழுதியதை வாசித்து நானும் யோசித்ததுண்டு. நல்ல காலம், கைவைக்கவில்லை. வெள்ளி மத்தியானம் கரண்ட் போய், சனி ஞாயிறு ஒபிஸ் பூட்டி, திங்கள் காலை ஆட்கள் வந்து மெஷினைப் போடும் இடங்களுக்கு ஒரு நாள் எந்த மூலைக்கு? கப்பல் முகவருக்கு வரும் பில் ஒஃப் லேடிங் என்ற சரக்குப் பத்திரம் திரும்பிப் போயிருந்தால் துறைமுகத்தில் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறியிருக்கும்.

அந்த நாட்களில்தான் ஃபிளஷின் மறுபக்கத்தையும் பார்த்தேன். ஒவ்வொருவரும் போன் எடுத்துச் சொல்வது ஒன்றே: "ஒருக்கா ஃபிளஷ் பண்ணி விடுங்கோவன்." போஸ்ட்கியூவின் சின்ன எஃப் கியூவில் கிடக்கும் அத்தனையையும் ஒரே நேரத்தில் திரும்ப முயலச் சொல்லும். மறுபக்கம் இருட்டில் கிடக்கையில் அது, பூட்டிய கடைக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிற வேலை. ஒவ்வொரு தட்டலும் 30 செக்கன் காத்திருந்து தோற்கும். ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரை போகலாம், மொத்தமாக 100 புரொசெஸ் என்பது இயல்பான வரம்பு. அப்படி அஞ்சாறு ஒபிஸ் இருட்டில் இருந்தால், உயிரோடு இருக்கும் இடங்களுக்குப் போக வேண்டிய புது மெயிலும் வரிசையில் நிற்கும். அடிக்கடி ஃபிளஷ் செய்தால் மற்ற மெயில் தாமதமாகும் என்று அதன் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது, வாசிக்கிறவர்கள்தான் குறைவு.

அதற்குப் பதிலாக சின்ன எஸ் பாவியுங்கள். ஒரு டொமைனின் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மெயிலை மட்டும் எழுப்பும். பம்பலப்பிட்டியில் கரண்ட் வந்துவிட்டது என்று போன் வந்தால் அந்த ஒபிசின் டொமைனுக்கு மட்டும் ஒரு எஸ், அவ்வளவுதான். ஒரு நிபந்தனை: ரிலே டொமைன் பட்டியலில், அதாவது நம் சேர்வர் மெயிலை வாங்கி இன்னொரு சேர்வருக்குக் கடத்தும் டொமைன்களின் பட்டியலில், உள்ளவற்றுக்குத்தான் இது இயல்பாக வேலை செய்யும். கண்ட டொமைனைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாது. தனி மெயில் ஒன்றை மட்டும் எழுப்புவதென்றால் சின்ன ஐயோடு அதன் ஐடி.

பொறுமைக்கு ஒரு குறையும் உண்டு. அனுப்பியவருக்கு 5 நாள் வரை எதுவுமே தெரியாது. தாமத அறிவிப்பு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். கணக்காய்வு நிறுவனத்து அக்கா ஒருவர் வாடிக்கையாளரின் முகவரியில் ஜிமெயில் என்பதை எழுத்து மாறி அடித்துவிட்டு, "நான் அனுப்பிட்டன், அவைதான் பதில் போடேல்லை" என்று நாலு நாள் கோபத்தோடு இருந்தார். அந்த எழுத்துப்பிழை டொமைன் உண்மையிலேயே இருந்தது, ஆனால் அங்கே மெயில் வாங்க யாரும் இல்லை. அதனால் உடனே திரும்பாமல் கியூவில் கிடந்தது. இப்போது எல்லா இடத்திலும் தாமத அறிவிப்பை 4 மணித்தியாலத்துக்கு வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் வரும் அந்த அறிவிப்பைப் பார்த்துப் பயந்து போன் எடுப்பவர்கள் கூடிவிட்டார்கள் என்பதும் உண்மை. இரண்டில் அதுவே மேல்.

இனி ஹோல்ட். போஸ்ட்கியூவை யாரும் ஓட்டலாம். கியூவில் உள்ள மெயிலில் கைவைக்கும் போஸ்ட்சூப்பருக்கு ரூட், அதாவது நிர்வாகி அதிகாரம், வேண்டும். இந்தப் பிரிப்பே எனக்குப் பிடிக்கும். போஸ்ட்சூப்பரின் சின்ன எச் மெயிலை எடுத்து ஒதுக்கி வைக்கும். பெரிய எச் விடுவிக்கும். சின்ன டி அழிக்கும். அழித்தால் அழித்ததுதான். குப்பைத்தொட்டி கிடையாது, "நிச்சயமா?" என்ற கேள்வியும் கிடையாது.

ஒரு இறக்குமதிக் கொம்பனியில், கணக்குப் பகுதிப் பிள்ளை ஒருவரின் பாஸ்வேர்ட் போலி லொகின் பக்கம் ஒன்றில் களவு போனது. விடிவதற்குள் அவருடைய பெயரில் ஆயிரக்கணக்கான ஸ்பாம் கியூவுக்கு வந்துவிட்டது. இப்படி நடந்தால் இணையத்தில் கிடைக்கும் முதல் ஆலோசனை, எல்லாவற்றையும் அழி என்பது. நான் செய்யும் ஒழுங்கு வேறு. முதலில் பாஸ்வேர்டை மாற்றி வாசலை அடைப்பது. அது செய்யாமல் கியூவைத் துப்புரவாக்குவதில் பிரயோசனம் இல்லை. அடுத்தது அந்த அனுப்புநரின் மெயில் அத்தனையும் ஹோல்ட்டுக்கு. இதோடு வெளியே போகும் ஸ்பாம் நின்றுவிடும், ஐபியின் பெயரும் மேலும் கெடாது, அவசரம் முடிந்துவிடும். பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்க்கலாம்.

போஸ்ட்கேட்டுக்குச் சின்ன கியூவோடு ஐடியைக் கொடுத்தால் மெயிலின் தலைப்பும் உடலும் அப்படியே வரும். சிலவற்றைத் திறந்ததும் ஒரு விஷயம் பிடிபட்டது: ஸ்பாம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு, சில கிலோபைட். அதே அனுப்புநரின் பெயரில் நடுவே சில மெயில்கள் மட்டும் நூற்றுக்கணக்கான கிலோபைட். அவை முதல் நாள் பின்னேரம் அந்தப் பிள்ளை உண்மையாகவே வங்கிக்கு அனுப்பிய எல்சி (இறக்குமதிக்கான கடன் கடிதம்) பத்திரங்கள். வங்கியின் பக்கம் அந்நேரம் திணறியதால் கியூவில் நின்றவை. அளவை வைத்துப் பிரித்து, பெரியவற்றைப் பெரிய எச்சால் விடுவித்து, மிச்சத்தை அழித்தோம். எல்லாவற்றையும் அழித்திருந்தால் அந்த எல்சி போனதே யாருக்கும் தெரிந்திராது. இன்னொன்றையும் மறக்கக்கூடாது: திரும்பி வரும் பவுன்ஸ்கள் கியூவில் மெயிலர் டெமன் என்ற பெயரில் நிற்கும். அனுப்புநரைத் தேடினால் அகப்படாது, பெறுநரைத் தேட வேண்டும்.

ஹோல்ட்டில் இருக்கும் மெயிலுக்கு 5 நாள் கெடு பொருந்தாது, விடுவித்ததும் பொருந்தும். பல நாள் வைத்திருந்துவிட்டுப் பெரிய எச் போட்டால் முதல் தோல்வியிலேயே திரும்பிப் போகலாம். அப்படியானவற்றை சின்ன ஆரால் புதிதாகக் கியூவில் போடச் சொல்கிறது கையேடு. அது சரி.

குறை சொல்ல வேண்டிய இடம் தேடல். இந்த அனுப்புநருடையது மட்டும், இன்ன அளவுக்கு மேல் மட்டும் என்று கேட்க போஸ்ட்ஃபிக்ஸிடம் நேரடி வழி இல்லை. ஒரு மெயில் பல வரியில் வருவதால் வரி வரியாகத் தேடும் வெறும் கிரெப் உதவாது. முந்தி, வெற்று வரியை எல்லையாக வைத்து ஓக் என்ற உரை பிரிக்கும் கருவியால் பிரித்து, ஐடியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரத்தையும் ஆச்சரியக்குறியையும் வழித்து, போஸ்ட்சூப்பருக்கு ஊட்ட வேண்டும். கையேட்டில் இருக்கும் உதாரணமே அதுதான் என்பது எனக்கு எப்போதும் சிரிப்பு. 3.1 பதிப்பில் போஸ்ட்கியூவுக்குச் சின்ன ஜே வந்து, வெளியீடு ஜேசன் என்ற, கருவிகள் இலகுவாக வாசிக்கும் வடிவத்தில் கிடைக்கத் தொடங்கிய பிறகு வாழ்க்கை மாறிவிட்டது. ஜேசனுக்கான ஜேகியூ கருவியால் வடிகட்டி, ஐடிகளை எடுத்து, கோட்டுக்குறி ஒன்றைக் கொடுத்தால் போஸ்ட்சூப்பர் அந்தப் பட்டியலை வாசித்துக்கொள்ளும். ஆனால் ஜேகியூ இல்லாத பழைய மெஷின்களில் இன்னும் ஓக்தான்.

கியூ ஐடியிலும் ஒரு பொறி உண்டு. இயல்பாக வரும் குட்டை ஐடி, மெயில் போனபின் இன்னொரு மெயிலுக்குத் திரும்பக் கிடைக்கலாம். பட்டியல் எடுத்து, பேசிக்கொண்டிருந்துவிட்டு அழித்தால், பெயர் அதே ஆனால் ஆள் வேறு என்று ஆகக்கூடும். 2.9 பதிப்பிலிருந்து நீள ஐடி வசதி இருக்கிறது, அணைந்த நிலையில். புதிதாகப் போடும் எந்த சேர்வரிலும் நான் முதலில் மாற்றுவது அதைத்தான். லொக்கில் தேடும்போதும் குழப்பம் வராது.

கியூஷேப் பற்றி ஒரு வார்த்தை. டொமைன் வரிசையாகவும் வயது நிரலாகவும் ஒரு சின்ன அட்டவணை தரும். நிறையப் பேருக்கு டிஃபர்ட் கியூ ஏன் பெருத்தது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்: ஒரே டொமைன் என்றால் அவர்கள் பக்கம், எல்லா டொமைனும் என்றால் நம் பக்கம். ரெட்ஹட் லினக்ஸ் வழி வந்த மெஷின்களில் இது வேண்டுமென்றால் போஸ்ட்ஃபிக்ஸின் பேர்ள் ஸ்கிரிப்ட் பொதியைத் தனியாகப் போட வேண்டும். 3.5 பதிப்பில் வந்த போஸ்ட்சூப்பரின் சின்ன ஈயும் நல்லது. மெயிலைச் சத்தமில்லாமல் அழிக்காமல், காலாவதியானதாக்கி அனுப்பியவருக்குத் திருப்பிவிடும். மேலே சொன்ன அக்காவின் எழுத்துப்பிழை மெயில்களுக்கு இப்போது இதுதான் மருந்து.

எக்ஸிம் ஓடும் அந்த ஒரு இடத்துக்குப் போகும்போதெல்லாம் இரண்டு விஷயத்தில் பொறாமை வரும். எக்ஸிகியூகிரெப் என்று தேடலுக்கென்றே ஒரு கருவி அங்கே உண்டு. அனுப்புநர், பெறுநர், வயது எதைக் கொண்டும் வடிகட்டி ஐடியை மட்டும் தரும். அதோடு ஒவ்வொரு மெயிலுக்கும் தனி லொக். எப்போது முயன்றது, என்ன பதில் வந்தது என்று ஒரே கட்டளையில் வாசிக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸில் அதற்குப் பொது லொக்கில் ஐடியைத் தேடிப் பொறுக்க வேண்டும். ஆனாலும் அந்த வாடிக்கையாளர் பனலை விட்டு வரத் தயாரென்றால் நாளைக்கே போஸ்ட்ஃபிக்ஸுக்கு மாற்றிவிடுவேன். எக்ஸிமிலும் மெயிலை உறையவைத்து ஒதுக்கலாம்தான். ஆனால் பவுன்ஸ் ஆகி அனுப்ப முடியாமல் தானாக உறைந்தவையும் நான் உறையவைத்தவையும் அங்கே ஒரே குவியலில் கிடக்கும். போஸ்ட்ஃபிக்ஸில் ஹோல்ட்டில் ஏதாவது இருந்தால், ஒன்றில் நான் வைத்தது, இல்லாவிட்டால் நான் எழுதிய விதி வைத்தது.