என்எஃப்எஸ் 3, 4: பாக்கெட்டில் தெரியும் வித்தியாசம்

பம்பலப்பிட்டியில் எங்கள் அலுவலகத்தில் என்எஃப்எஸ் (வேறொரு கணினியில் உள்ள ஃபைல்களை நெட்வொர்க் வழியே திறக்க உதவும் நெறிமுறை) வழியாக ஃபைல் திறக்கவே நேரமெடுத்தது. நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பிடித்துப் பார்த்தேன்.

1995இல் வந்த மூன்றாம் பதிப்பு வாசிக்கச் சுலபம்: லுக்அப் (பெயரைத் தேடுவது), ரீட், ரைட் என்று ஒரு அழைப்புக்கு ஒரு வேலை. ஆனால் என்எஃப்எஸ் பேசும் 2049ஆம் போர்ட்டை மட்டும் வடிகட்டினால் மவுண்டும் (சர்வரின் ஃபோல்டரை இணைப்பது) லாக்கும் (ஃபைலைப் பூட்டுவது) பெரும்பாலும் தப்பிவிடும். அவை இருக்கும் போர்ட்டைக் கேட்க 111ஆம் போர்ட்டுக்குப் போக வேண்டும்.

நான்காவதில் 2049 போதும். கிட்டத்தட்ட எல்லா அழைப்பும் 'காம்பவுண்ட்', அதாவது பல வேலைகளை ஒன்றாகக் கட்டிய அழைப்பு. விரித்தால் உள்ளே புட்எஃப்எச் (எதன் மீது வேலை என்று குறிப்பது), ஓப்பன், கெட்ஆட்டர் (விவரங்களைக் கேட்பது) வரிசையாக நிற்கும். ஒன்று தோற்றால் மீதி நடக்காது. அதனால் பதிலில் கடைசி வேலையைத்தான் முதலில் பார்ப்பேன். சரியாக அங்கேதான் ஓப்பனுக்கு 10008 என்ற பிழை எண், அதாவது 'டிலே' (இப்போது முடியாது, பிறகு முயற்சி செய்) வந்திருந்தது. மூன்றாம் பதிப்பில் இதே எண்ணுக்கு 'ஜூக்பாக்ஸ்' என்று பெயர்.