மதுரையில் ஒரு ஸ்கேனும் இரண்டு ஆஸ்பத்திரிகளும்

கரு கலைந்ததைப் பற்றி நம் ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. லீவில் வந்த இடத்தில் இப்படி மாட்டிக்கொள்ளும் வேறு யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

லண்டனில் ஒன்பதாவது வாரத்தில் கலைந்தது. அங்கே மூன்று வழி சொன்னார்கள்: தானாக வெளியேறும்வரை பொறுத்திருப்பது, மாத்திரை, அல்லது உறிஞ்சி எடுப்பது. பெரிய சிக்கல் ஏதும் இல்லையென்றால் முதலில் 7 முதல் 14 நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்வதுதான் பிரிட்டன் வழக்கம். பொறுத்தேன், உதிரப்போக்கு நின்றது. தங்கை கல்யாணத்துக்கு மதுரை வந்து இறங்கியதும் மறுபடி ஆரம்பித்தது, அடிவயிற்று வலியோடு.

வேகத்தில் ஊரை அடிக்க முடியாது. கே.கே. நகர் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் காலையில் டோக்கன், மதியத்துக்குள் கையில் ரிப்போர்ட். ஆனால் ஸ்கேனுக்கு முன்னால் ‘எஃப்’ படிவம் ஒன்று நீட்டுவார்கள். 1994-ஆம் ஆண்டு பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி, கரு கலைந்த பிறகு பார்க்கும் ஸ்கேனுக்கும் அது உண்டு. எத்தனை ஆண் குழந்தை, எத்தனை பெண் குழந்தை, வயது என்ன என்று கேட்கும். வயிற்றில் இருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று அடியில் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். படிவம் நீட்டிய பெண் என்ன செய்வாள், பாவம், அவளுக்குச் சட்டம். அடையாள அட்டையாக ஓசிஐ கார்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) ஏற்றுக்கொண்டார்கள்.

கர்ப்பப்பைக்குள் கொஞ்சம் திசு தங்கியிருப்பதாக ரிப்போர்ட் சொன்னது. முதலில் போன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதை ஒரு நிமிடம்தான் பார்த்தார். “நாளைக்கு வெறும் வயித்துல வந்துடும்மா, கிளீன் பண்ணிடலாம்.” எப்படி என்று கேட்டேன். முழு மயக்கம் கொடுத்து டி அண்ட் சி, அதாவது கர்ப்பப்பைக்குள் கருவி விட்டுச் சுரண்டி எடுப்பது. மாத்திரை போட்டுப் பார்க்கலாமா என்றதற்கு, “அதெல்லாம் இழுத்துக்கிட்டே போகும்” என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அங்கே சேரவில்லை. சுரண்டி எடுப்பதும் உறிஞ்சி எடுப்பதும் ஒன்றல்ல. கூர்மையான கருவியால் சுரண்டுவதை விட்டு உறிஞ்சும் முறைக்கு வரும்படி உலக சுகாதார நிறுவனம் பல வருடமாகச் சொல்லிவருகிறது. சுரண்டும்போது உள்சுவரில் தழும்பு விழுந்து ஒட்டிக்கொண்டால், அடுத்த கர்ப்பத்துக்கே சிக்கல்.

இரண்டாவது ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பேப்பரை எடுத்து வரைந்தே காட்டினார். கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை 600 மைக்ரோகிராம் விழுங்கலாம், அல்லது 400 நாக்கடியில் வைக்கலாம். பலருக்கு அதிலேயே வெளியேறிவிடும், சிலருக்குக் கடைசியில் கருவி தேவைப்படும். காய்ச்சலோ கெட்ட வாடையோ இருந்தால் காத்திருக்கும் பேச்சே கிடையாது. “ஃபிளைட் எப்போம்மா?” என்று கேட்டார். சொன்னேன். விமானத்தில் உதிரம் கொட்டுமோ என்ற பயத்தோடு ஏற எனக்கு மனமில்லை, உறிஞ்சியே எடுத்துவிடுங்கள் என்றேன்.

அட்மிஷன் கவுண்டரில் அடுத்த தடை: கணவர் கையெழுத்து. அவர் லண்டனில் இருக்கிறார். அப்பா போடட்டுமே என்றார்கள். கருக்கலைப்புக்கே 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் போதும். கலைந்துபோனதன் மிச்சத்தை எடுக்க அப்பா கையெழுத்து எதற்கு? டாக்டர் போனில் ஒரு வார்த்தை சொன்ன பிறகு படிவம் என் பக்கம் வந்தது.

பெரிய மெஷின் ஏதும் இல்லை. 60 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்ச், அதன் முனையில் ஒரு குழாய். கர்ப்பப்பை வாயில் மரத்துப்போகும் ஊசி. வலி இருந்தது, மாதவிலக்கு வலியைவிட நன்றாகவே கூடுதல். பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. சிஸ்டர் என் கையை விடவே இல்லை. நெகட்டிவ் ரத்த வகைக்காரர்கள், ரத்த வகை ஒவ்வாமல் அடுத்த குழந்தைக்குச் சிக்கல் வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எனக்குத் தேவைப்படவில்லை.

அப்புறம், எடுத்த திசுவை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, லேபில் கொடுத்துவிட்டு வரச்சொல்லி என் தம்பி கையில் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி ஆளே கொண்டுபோக வேண்டிய வேலை அது. அவன் கேரி பேக்கில் வைத்து பைக்கில் கொண்டுபோனான், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பரிசோதனை அவசியம்தான், முத்துப்பிள்ளை கர்ப்பம் (நஞ்சுக்கொடித் திசு முறை தவறி வளர்வது) இல்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்தது, பயப்பட ஒன்றுமில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே நின்று வாசித்துவிடுங்கள். பழைய அச்சையே எடுத்து எனக்கு ‘டி அண்ட் சி’ என்று போட்டிருந்தார்கள். நாளைக்கு லண்டன் டாக்டர் அதைத்தான் நம்புவார். உறிஞ்சி எடுத்ததாக மாற்றி, சீலும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் ஆட்டோ பிடித்தேன்.