பிராக் நகரில் நான்கு நாள்: எந்தச் சீட்டுக்குக் காசு கொடுக்கலாம்

செக் குடியரசின் தலைநகரான பிராகில் கடந்த மே மாதம் நான்கு நாள் தங்கியிருந்தோம். உடன் வந்தவர்கள் என் மனைவியும், முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மாவும். ஊர் திரும்பியபின் செலவுக் கணக்கைப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்த நகரத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த காட்சிகள் பலவற்றுக்குக் கட்டணமே கிடையாது. கட்டணம் கொடுத்துப் பார்த்தவற்றில் மூன்று, கொடுத்த காசுக்கு மேலேயே பயன் தந்தன. நன்கொடை என்ற பெயரில் நாங்கள் கொடுத்த ஒரு தொகைதான் வீணாயிற்று. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பழைய நகரச் சதுக்கத்தில் குடையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் வழிகாட்டிகளைப் பார்க்கலாம். அவர்கள் கூட்டிச் சென்று நகரைக் காட்டுவதற்குக் 'கட்டணமில்லா நடை' என்று பெயர். முடிவில் ஆளுக்கு எவ்வளவு தருவது வழக்கம் என்பதை வழிகாட்டியே நாசூக்காகச் சொல்லிவிடுவார். நாங்கள் சேர்ந்த குழுவில் ஏறத்தாழ நாற்பது பேர் இருந்தார்கள். பின்வரிசையில் நின்றவர்களுக்கு அவர் பேசியதில் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதியிலும் கதையே மிகுதி. சதுக்கத்தின் வானியல் கடிகாரத்தைச் செய்த ஹனுஷ் என்ற கலைஞர் வேறெந்த ஊருக்கும் இப்படி ஒன்றைச் செய்து கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக நகர மன்றத்தார் அவருடைய கண்களைக் குருடாக்கினார்கள் என்று உருக்கமாகச் சொன்னார். அது வெறும் கட்டுக்கதை. கடிகாரம் 1410-இல் செய்யப்பட்டது. செய்தவர் கடான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் என்ற கடிகாரக் கலைஞர். கதை சொல்வதில் எனக்கு வருத்தமில்லை. கதையைக் கதை என்று சொல்லிவிட்டு, உண்மையையும் பக்கத்தில் வைத்திருக்கலாம்.

அதைவிட வருத்தம் தந்தது இன்னொன்று. பழைய நகர மன்றத்தின் அருகே, தரையில் வெள்ளைக் கல்லால் 27 சிலுவைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. 1620-இல் வெள்ளை மலைப் போரில், ஹாப்ஸ்பர்க் பேரரசருக்கு எதிராகக் கிளர்ந்த செக் தரப்பு தோற்றபின், 1621 ஜூன் 21 அன்று கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேரை இந்த இடத்தில்தான் கொன்றார்கள். நாற்பது பேரும் அந்தச் சிலுவைகளின்மேல் நின்றுகொண்டே கடிகாரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். புறப்படும்போதுதான் வழிகாட்டி, காலுக்குக் கீழே பாருங்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

கடிகாரக் காட்சியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மணி அடிக்கும் நேரத்தில் எலும்புக்கூட்டு உருவம் கயிற்றை இழுத்து மணியடிக்கிறது, மேலே இரண்டு சிறு சன்னல்கள் திறந்து பன்னிரண்டு திருத்தூதர்களும் ஒருவர்பின் ஒருவராக வந்து போகிறார்கள், கடைசியில் பொன்னிறச் சேவல் ஒன்று கூவுகிறது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதற்காக இருபது நிமிடம் நெருக்கடியில் நின்ற அம்மா, "இதுக்கா இவ்வளவு கூட்டம்?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் பழைய நகர மன்றத்துக்கு உள்ளே செல்லும் சீட்டு வாங்கினோம். இதுவே நான் முழு மனத்தோடு பரிந்துரைக்கும் முதல் கட்டணம். கோபுரத்தின் உச்சிக்குச் செல்ல மின்தூக்கி இருப்பதால் முழங்கால் வலிக்காரர்கள் தயங்க வேண்டியதில்லை. மேலிருந்து தெரியும் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் டீன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் எல்லாப் படங்களிலும் வருபவைதான். படங்களில் வராத ஒன்று கீழே சிற்றாலயத்துக்குள் இருக்கிறது. கடிகாரத்தின் திருத்தூதர்களை அங்கே உட்புறத்திலிருந்து பார்க்கலாம். மணி நெருங்கியபோது அந்த அறையில் எங்களோடு ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் என்று சொல்லுமளவுக்கு அருகே, மரச் சிற்பங்களைத் தாங்கிய சக்கரம் கிறீச்சிட்டபடி சுழன்றது. ஒவ்வொரு உருவமும் சன்னலை எட்டியதும் வெளியே தலை காட்டிவிட்டு நகர்ந்தது. சதுக்கத்திலிருந்து கூட்டத்தின் ஆரவாரம் மட்டும் உள்ளே வந்தது. முந்தின நாள் வீணாய்ப் போன இருபது நிமிடத்தை அம்மா அதோடு மன்னித்துவிட்டார்.

சார்லஸ் பாலத்துக்குக் கட்டணம் இல்லை. அதற்கு நாம் தர வேண்டியது தூக்கத்தை. காலை பத்து மணிக்குமேல் அங்கே போவது, திருவிழா நாளில் தேர் வீதிக்குள் நுழைவது போன்றதுதான்: தள்ளிக்கொண்டு போவார்கள், எதையும் நின்று பார்க்க முடியாது. நான்காம் சார்லஸ் மன்னர் 1357-ஆம் ஆண்டு ஒன்பதாம் தேதி ஏழாம் மாதம் அதிகாலை 5 மணி 31 நிமிடத்துக்கு இதற்கு அடிக்கல் நாட்டினார் என்று சொல்வார்கள். 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1 என்று ஏறி இறங்கும் அந்த எண்வரிசை பாலத்தைக் காக்கும் என்பது நம்பிக்கையாம். நல்ல நேரம் பார்ப்பதில் நம்மை மிஞ்சிய மன்னர் என்று சிரித்துக்கொண்டோம். அந்த நேரத்துக்கே போய்ப் பார்ப்போம் என்று ஐந்தரைக்கு நானும் மனைவியும் பாலத்தில் இருந்தோம். மே மாதத்தில் அப்போதே வெளிச்சம் வந்துவிடுகிறது. அரைக் கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான நீளம்; இருபுறமும் முப்பது சிலைகள்; கீழே வல்தாவா ஆற்றின்மேல் மெல்லிய பனிப்படலம். எங்களைத் தவிர அங்கே இருந்தவர்கள் ஓடிப் பயிற்சி செய்த இருவரும் ஒரு திருமணப் புகைப்படக் குழுவும்தான்.

சிலைகளில் பலவும் நகல்கள். மூலங்களை அருங்காட்சியகக் காப்பில் வைத்திருக்கிறார்கள். ஆனால் 1683-இல் நிறுவிய நெப்போமுக் யோவானின் வெண்கலச் சிலையை மட்டும் நின்று பார்க்க வேண்டும். 1393-இல் மன்னரின் ஆணையால் இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் எறியப்பட்ட கத்தோலிக்கக் குரு அவர். சிலையின் பீடத்தில் உள்ள தகட்டைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று வருவோர் எல்லாரும் தடவித் தடவி, கறுத்த வெண்கலத்தில் இரண்டு இடங்கள் மட்டும் பொன்போலத் தேய்ந்து மின்னுகின்றன. ஒன்றில் குரு ஆற்றில் விழுகிறார். மற்றொன்றில் ஒரு வீரன் நாயைத் தடவிக்கொடுக்கிறான். அந்த நாய்க்கும் பளபளப்புக்குக் குறைவில்லை.

பாலத்தின் பழைய நகரக் கரையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் யூதர் குடியிருப்பாக இருந்த யோசெபோவ். யூத அருங்காட்சியகத்தின் ஒரே சீட்டில் பல தொழுகைக் கூடங்களையும் பழைய கல்லறைத் தோட்டத்தையும் பார்க்கலாம். விலை சற்று அதிகம்தான். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும் என்பதை முன்கூட்டியே கவனித்துத் திட்டமிடுவது நல்லது. ஆண்கள் தலையை மூடிச் செல்ல வேண்டிய இடங்களில் சிறு குல்லா தருகிறார்கள்.

பிங்காஸ் தொழுகைக் கூடத்தின் சுவர்களில் ஓவியமோ சிற்பமோ இல்லை, பெயர்கள்தான் இருக்கின்றன. செக் நாட்டின் பொகீமியா, மொராவியா பகுதிகளிலிருந்து நாஜிகள் கொண்டுபோய்க் கொன்ற ஏறத்தாழ 78,000 யூதர்களின் பெயர்கள், பிறந்த நாளோடும் உயிரோடு இருந்ததாகக் கடைசியாகத் தெரிந்த நாளோடும், சிவப்பும் கறுப்புமாகக் கையால் எழுதப்பட்டு, தரையிலிருந்து விதானம்வரை நிறைந்திருக்கின்றன. அம்மாவுக்கு அந்த எழுத்துகளைக் கோவையாகப் படிக்க வராது. ஆனால் எண்களைப் படித்தார். ஓர் இடத்தில் விரலைச் சுவரில் படாமல் நீட்டி, 1938 என்ற பிறந்த ஆண்டையும் அதே வரியில் 1942 என்ற ஆண்டையும் காட்டி, "நாலு வயசு" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. மாடியில் தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. அங்கே அவர் ஏறவில்லை. முழங்கால்தான் காரணம் என்றார்.

கல்லறைத் தோட்டம் வெளியே ஒட்டியே இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் 1787 வரை இந்தச் சிறு நிலத்தில்தான் அடக்கம் செய்தார்கள். இடம் போதாமல் மண்ணைக் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்ததால், ஏறத்தாழ 12,000 கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நெருங்கி நிற்கின்றன. இங்கே ஒலிப்பெருக்கி வைத்த குழுக்கள் வருவதற்குமுன் காலையில் முதல் ஆளாக நுழைவது நல்லது.

சில்லறைச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே யூரோ நாணயம் இல்லை, கொருனாதான். சுற்றுலாப் பகுதியில் உள்ள நாணயமாற்றுக் கடை ஒன்றில், பலகையில் ஒரு விகிதமும் ரசீதில் வேறொரு விகிதமும் இருப்பதை வெளியே வந்தபின்தான் கவனித்தேன். 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்துகொள்ளும் உரிமை 2019 முதல் சட்டத்தில் இருக்கிறது. ரசீதைக் காட்டியதும் முணுமுணுத்தபடி பணத்தைத் திருப்பித் தந்தார்கள். டிராமில் ஏறியதும் காகிதச் சீட்டை மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை பெற வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். சைவம் சாப்பிடுவோருக்கு ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் எங்கும் கிடைக்கும். பழம் வைத்து அவித்த உருண்டை, கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை, அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. தெருவெங்கும் கம்பியில் சுற்றிச் சுட்டு விற்கும் இனிப்பை 'பழைய செக் பண்டம்' என்பார்கள். அது சுற்றுலாவோடு வந்து பரவியது. விலைக்கேற்ற சுவையும் இல்லை.

கோட்டைக்கு ஒரு நாளை முழுதாக ஒதுக்க வேண்டும். எங்களைப் போல முதியவரோடு செல்பவர்கள் 22-ஆம் எண் டிராமில் ஏறி, கோட்டை நிறுத்தத்தில் இறங்காமல், அதற்கு இரண்டு நிறுத்தம் தள்ளி வரும் பொஹோர்செலெட்ஸில் இறங்கினால், அங்கிருந்து முன்வாயில்வரை பெரும்பாலும் இறக்கமாகவே நடந்து செல்லலாம். கோட்டை வளாகத்துக்குள் நுழைய இலவசம்; வாயிலில் பை சோதனை மட்டும் இருக்கலாம். உள்ளே உள்ள முக்கியக் கட்டடங்களுக்கான சீட்டு இரண்டு நாள் செல்லும் என்பதால், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

புனித வீடஸ் பேராலயம் 1344-இல் தொடங்கி 1929-இல் முடிந்தது. வாயிலருகே நின்று பார்க்கக் கட்டணமில்லை. ஆனால் சீட்டு வாங்கி உள்ளே போனால்தான், இடப்பக்கம் செக் ஓவியர் அல்போன்ஸ் மூக்கா வடிவமைத்த சன்னலை நேரே நின்று பார்க்க முடியும். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் பழைய முறையில் இல்லாமல், கண்ணாடியின்மேல் தீட்டியது அது. நீலத்திலிருந்து பொன்னுக்கு நிறம் நகர்வதை அண்ணாந்து ரசித்துக்கொண்டே கீழே வந்தால், செலவை ஏற்ற வங்கியின் பெயர் சன்னலிலேயே எழுதியிருக்கிறது. குழல்விளக்கில் 'உபயம்' எழுதும் வழக்கம் நமக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். பாலத்தில் நாயோடு பார்த்த அதே நெப்போமுக் யோவானுக்கு உள்ளே ஏறத்தாழ இரண்டு டன் வெள்ளியில் கல்லறை. ஆற்றில் எறிந்தபின் எவ்வளவு பெரிய சமாதானம்!

பழைய அரண்மனையில் விளாதிஸ்லாவ் மண்டபத்தின் விதானத்தில் கல் விலாக்கள் கொடிபோலப் பின்னிச் செல்கின்றன. வீரர்கள் குதிரையோடு ஏறி வந்து உள்ளேயே பந்தயம் நடத்துவதற்காக, படிகளைத் தாழ்வாகவும் அகலமாகவும் கட்டியிருக்கிறார்கள்; அந்தப் படியில் மட்டும் அம்மா கைப்பிடி தேடவில்லை. மண்டபத்தை ஒட்டிய அறையின் சன்னல் வழியாகத்தான் 1618 மே 23 அன்று, பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய செயலரையும் கிளர்ச்சியாளர்கள் வெளியே தூக்கி எறிந்தார்கள். மூவரும் பிழைத்தார்கள். வானவர் தாங்கினார்கள் என்றது ஒரு தரப்பு, குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது மறு தரப்பு. முப்பது ஆண்டுப் போர் அங்கிருந்து மூண்டது. முதல் நாள் சதுக்கத்தில் நாங்கள் அறியாமல் மிதித்து நின்ற 27 சிலுவைகளின் தொடக்கம் இந்தச் சன்னல்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வழிகாட்டி இந்த ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டியிருந்தால், அவர் கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்திருப்பேன்.

பொற்சந்துக்கு மட்டும் பகலில் போகாதீர்கள். கோட்டை மதிலை ஒட்டி வரிசையாக இருக்கும் பொம்மை வீடுகள் போன்ற அந்தக் குடில்களை, கோட்டைக் காவல் வீரர்களுக்காக 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டினார்கள். பகலில் ஒவ்வொரு வாசலிலும் வரிசை. உள்ளே நினைவுப்பொருள் கடை. சீட்டு நேரம் முடிந்தபின் கடைகளைப் பூட்டிவிடுகிறார்கள்; சந்தில் நடக்கக் கட்டணம் கேட்பதில்லை. மறுநாள் மாலை அதே சந்துக்குத் திரும்பி வந்தோம். 1916-17 குளிர்காலத்தில் எழுத்தாளர் காஃப்கா எழுதுவதற்குப் பயன்படுத்திய 22-ஆம் எண் வீடு நீல நிறத்தில், கதவு சாத்தியபடி இருந்தது. சன்னல் என் மார்பளவு உயரத்தில் இருந்ததால் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தேன்; அடுக்கிய புத்தகங்கள் மங்கலாகத் தெரிந்தன. அம்மா எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார். இன்னும் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று சொன்னதும் அவர்தான்.