மேற்குப் பார்த்த ஜன்னல்: ஃபிலிமா, தட்டியா, இரட்டைக் கண்ணாடியா?

மே மாதம் மாலை நான்கு மணிக்கு எங்கள் படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் கை வைத்தால் தோசைக்கல் ஞாபகம் வரும். சென்னையில் மூன்றாவது மாடி வீடு. மேற்கே பார்த்த இரண்டு ஜன்னல்கள், ஒவ்வொன்றும் நாலடிக்கு ஐந்தடி. மேலே சன்ஷேட் இருக்கிறது, ஆனால் மாலை வெயில் தாழ்வாக வருவதால் அது ஒப்புக்குத்தான். நான்கு கோடையாக இந்த ஜன்னல்களோடு மல்லுக்கட்டியதில் ஒட்டிப் பார்த்தவை, கட்டிப் பார்த்தவை, விலை கேட்டுவிட்டு ஓடி வந்தவை என்று ஒரு பட்டியலே சேர்ந்துவிட்டது.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. இது தெரியாமல்தான் முதல் வருடம் காசை விட்டேன்.

ஜன்னல் வழியாகச் சூடு இரண்டு விதமாக வரும். ஒன்று, வெளியே காற்று சூடாக இருப்பதால் கண்ணாடி வழியாகக் கடந்து வருவது. வெளியே 38 டிகிரி, உள்ளே 26 டிகிரி என்றால் ஒற்றைக் கண்ணாடியில் இது சதுர மீட்டருக்குச் சுமார் 70 வாட். மற்றது, நேராக உள்ளே விழும் வெயில். மேற்குச் சுவரில் மாலை வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் வரை அடிக்கும். சாதாரணக் கண்ணாடி அதில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விட்டுவிடும், அதாவது கிட்டத்தட்ட 490 வாட். முதல் வகையைப் போல ஏழு மடங்கு. எங்கள் இரண்டு ஜன்னல்களும் சேர்ந்து 3.7 சதுர மீட்டர், அவற்றின் வழியாக மட்டும் 1,800 வாட். ஒரு டன் ஏ.சி. அறையிலிருந்து இழுக்கும் சூடு சுமார் 3,500 வாட்தான். பாதி டன் ஜன்னலுக்கே போய்விட்டது, பிறகு அறை எப்படிக் குளிரும்?

ஆக, நம் ஊரில் எதிரி வெளிக்காற்று இல்லை, வெயில். ‘ஜன்னல் இன்சுலேஷன் ஃபிலிம்’ என்று ஆன்லைனில் தேடி நான் முதலில் வாங்கியது வேறொரு எதிரிக்கான ஆயுதம். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி இருபக்க டேப் ஒட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டினால் தாள் மேளத்தோல் மாதிரி விறைத்து நிற்கும். தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கிய காற்றுதான் இன்சுலேஷன். டொரோன்டோவில் இருக்கும் சித்தப்பா மகள் ஒவ்வொரு குளிர்காலமும் இதை ஒட்டுகிறாள். வெளியே மைனஸ் 10, உள்ளே 21 என்றால் அங்கே அது அருமையான சாமான். எங்கள் வீட்டில் வெயில் அந்தத் தாளைக் கண்டுகொள்ளாமல் அப்படியே உள்ளே வந்தது. போதாக்குறைக்கு ஜன்னலைத் திறக்கவும் முடியவில்லை. பத்து நாளில் கிழித்துப் போட்டேன்.

நடுவே காற்று இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடிகளை அடைத்த இரட்டைக் கண்ணாடி பற்றியும் இதே காரணத்தால் அதிகம் பேச வேண்டியதில்லை. கடந்து வரும் அந்த 70 வாட்டை அது பாதியாக்கும். வெயிலை, சாதாரணக் கண்ணாடிகள் இரண்டைப் போட்டால், கொஞ்சம்தான் குறைக்கும். வாசலில் பஸ் ஹாரன் தாங்கவில்லை என்றால் போடலாம். கரன்ட் பில்லுக்காக என்றால் விலையைக் கேட்டதும் உங்களுக்கே புரிந்துவிடும்.

சரி, உண்மையான போட்டி சன் கன்ட்ரோல் ஃபிலிமுக்கும் வெளியே தொங்கும் தட்டிக்கும்தான்.

ஃபிலிம் என்பது பசை தடவிய பாலியஸ்டர் தாள். அதில் சாயமோ, உலோகப் பூச்சோ, செராமிக் துகளோ சேர்த்திருப்பார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்று சொன்னது நினைவிருக்கும். அந்தத் தடை வண்டிகளுக்கு மட்டும்தான், வீட்டுக்கு இல்லை. கடைக்குப் போனால் ஒரு விளக்கை எரியவிட்டு, நடுவே ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியைப் பிடித்து, “கையை வெச்சுப் பாருங்க சார், 99 பர்சென்ட் ஹீட் கட்” என்பார்கள். அந்த விளக்கு தருவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர், அதனால் ஃபிலிம் மந்திரம் போலத் தெரியும். சூரிய ஒளியில் அகச்சிவப்பு சுமார் பாதிதான். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் உள்ளே விழுந்தால் சூடுதான். எனவே கேட்க வேண்டிய எண் டி.எஸ்.இ.ஆர்., அதாவது மொத்த சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கிறது என்பது. 55 என்று சொன்னால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வெறும் கண்ணாடியே 18 சதவீதம் தடுத்துவிடுகிறது. உள்ளே வருவது 82இலிருந்து 45 ஆகிறது. ஏறக்குறைய 45 சதவீதக் குறைப்பு. மோசமில்லை, ஆனால் 99 இல்லை.

கண்ணாடி போல மினுக்கும் உலோக ஃபிலிம் பகலில் பக்கத்து வீட்டுக் கண்களை மறைக்கும். இரவில் உள்ளே லைட் போட்டதும் கதை தலைகீழ், தெருவில் இருப்பவருக்கு நீங்கள் நன்றாகத் தெரிவீர்கள். சிலவகை உலோகப் பூச்சுகள் செல்போன் சிக்னலையும் குறைக்கும். செராமிக்கில் இந்தச் சிக்கல்கள் குறைவு, விலைதான் கூட. பாத்ரூம் ஜன்னல்களில் பார்க்கும், புள்ளி புள்ளியான பின்ஹெட் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தில் எந்த ஃபிலிமும் ஒட்டாது. கம்பி பதித்த கண்ணாடியிலும் அடர்நிறக் கண்ணாடியிலும் அதிகச் சூட்டை உறிஞ்சும் ஃபிலிமை ஒட்டினால் விரிசல் விட வாய்ப்பு உண்டு. நானே சோப்புத் தண்ணீர் அடித்து ஒட்டிய முதல் ஜன்னல் அம்மை போட்ட முகம் மாதிரி ஆனது. இரண்டாவதை ஆள் வைத்து ஒட்டினேன். அதிலும் சில வாரம் நீர்க்கொப்புளம் இருந்து, தானாக மறைந்தது. அப்புறம் ஒன்று: ஒட்டியபின் கண்ணாடியைத் தொட்டுவிட்டு ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். ஃபிலிம் வெயிலின் ஒரு பகுதியை உறிஞ்சுவதால் கண்ணாடி முன்பைவிட அதிகமாகவே சுடும். அறைக்குள் விழும் வெயிலில் கையை நீட்டினால்தான் வித்தியாசம் தெரியும்.

இப்போது தட்டி. எங்கள் பால்கனிக் கதவுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்குகிறது. வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே மூங்கிலில் பட்டு, அந்தச் சூடு வெளிக்காற்றோடு போய்விடுகிறது. நெருக்கமாகப் பின்னிய தட்டி, வெயிலில் ஐந்தில் நான்கு பங்கையாவது வெளியிலேயே நிறுத்தும். கதவைத் திறந்து வைத்தாலும் அது வேலை செய்யும். ஃபிலிமுக்கு இது முடியாது, ஸ்லைடிங் கதவைத் தள்ளிவிட்டால் திறந்த பாதியில் வெயில் தாராளமாக வரும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பி, ஏ.சி.யை அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறக்கலாம் என்று தோன்றும் நாட்களில் தட்டியின் அருமை தெரியும்.

அதன் தொல்லைகளும் நிறைய. தூசி, புறா, மழையில் நனைந்தால் பூஞ்சை, இரண்டு மூன்று வருடத்தில் அறுந்துபோகும் கயிறு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது கழற்ற மறந்து, மறுநாள் காலையில் அதைக் கீழ்வீட்டு கார் மேலிருந்து எடுத்து வந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, அசோசியேஷன். கட்டடத்தின் முகப்பு கெட்டுவிடும் என்று ஜன்னலுக்கு வெளியே எதையும் தொங்கவிடக் கூடாது என்பது விதி. பால்கனி உட்பக்கம் என்பதால் விட்டார்கள்.

திரைச்சீலையை என் மாமியார் ஒரே வரியில் முடித்துவிட்டார்: “வெயிலை உள்ள விட்டுட்டு அப்புறம் திரை போட்டு என்ன பிரயோஜனம் மாப்பிள்ளை?” முழுக்கச் சரியில்லை, வெள்ளை முதுகுள்ள கனத்த திரை கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனால் பெரும்பகுதிச் சூடு அதற்குள் அறைக்கு வந்தாகிவிட்டது. திருச்சிக்காரரான அவர் சிபாரிசு செய்தது வெட்டிவேர்த் தட்டி. அங்கே காய்ந்த காற்றில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிக் குளிரும். சென்னையின் ஈரக்காற்றில் வாசனைதான் மிச்சம்.

பில் விஷயத்துக்கு வருவோம். மாலை நான்கு மணி நேர வெயிலைச் சராசரியாக்கி, அந்நேரம் ஏ.சி. ஓடுவதாக வைத்துக்கொண்டால், அந்த இரண்டு ஜன்னல்களால் நாளொன்றுக்கு சுமார் 1.4 யூனிட் போகிறது. ஃபிலிம் அதில் 0.6 யூனிட்டை மிச்சம் பிடிக்கும், வெளித்தட்டி 1.1. இரண்டு மாத பில்லில் முறையே 36, 66 யூனிட். பெரிய தொகை இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் சலுகை விகிதம் போய்விடுகிறது. 530இல் நிற்கும் வீட்டுக்கு அந்த 36 யூனிட் அதன் கணக்கைவிடக் கூடுதலாக மிச்சம் தரும். மாலையில் வீட்டில் யாரும் இல்லாமல் இரவில் மட்டும் ஏ.சி. போடுபவர்களுக்கு இந்த மிச்சம் குறையும். கட்டிலும் தரையும் சுவரும் குடித்து வைத்த சூட்டின் அளவுக்குத்தான் பலன்.

எனவே கைக்குக் கிடைத்தால் தட்டி. விதி தடுத்தால் மேற்கு ஜன்னலுக்கு மட்டும் நல்ல ஃபிலிம், வீடு முழுக்க ஒட்டச் சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம். வாடகை வீடு என்றால் ஃபிலிமே வேண்டாம். காலி செய்யும்போது பசையைச் சுரண்டுவது உங்கள் வேலை, அட்வான்ஸ் வீட்டுக்காரர் கையில்.