டி.எல்.இ-யா, டி.எல்.டி-யா? வித்தியாசம் மூன்றாவது மருந்தில்

எச்.ஐ.வி-க்கான கூட்டு மருந்தில் ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை என்று வரும்போது, தமிழ்நாட்டின் ஏ.ஆர்.டி மையங்களில் (எச்.ஐ.வி கூட்டு மருந்து கொடுக்கும் மையங்கள்) அடிபடும் பெயர்கள் இரண்டு. பல ஆண்டுகள் ஓடிய டி.எல்.இ. அதன் இடத்துக்கு வந்த டி.எல்.டி. பழைய மாத்திரையே உடம்புக்குப் பழகிவிட்டது, எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாற்றிய பிறகு எடை கூடுகிறதே என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கேள்வியும் நியாயமானவை.

இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு ஒரே மருந்துதான்: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி. மூன்றாவது மட்டும் வேறு. டி.எல்.இ-யில் எஃபவிரென்ஸ் 600 மி.கி.; டி.எல்.டி-யில் டோலுடெக்ராவிர் 50 மி.கி. ஆகவே டெனோஃபோவிரால் வரும் சிறுநீரகக் கவலை, எலும்பு அடர்த்தி குறைவது ஆகியவை எந்த மாத்திரையிலும் உண்டு. அவற்றை இந்த ஒப்பீட்டிலிருந்து தள்ளிவைத்துவிட்டால் மிஞ்சும் வேறுபாட்டை ஒரு வரியில் சொல்லலாம்: டி.எல்.இ மோதுவது உங்கள் சாப்பாட்டோடும் தூக்கத்தோடும், டி.எல்.டி மோதுவது நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளோடு.

சாப்பாடும் தூக்கமும்

எஃபவிரென்ஸ் மூளைக்குள் போகும் மருந்து. தலைசுற்றல், மந்தம், கண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கும் கனவுகள் எல்லாம் அதனால் வருபவை. பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 வாரங்களில் தணிந்துவிடும். சிலருக்கு மரபணு காரணமாக இந்த மருந்து உடலில் மெதுவாகச் சிதையும். அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் தொடரும். இரவு படுக்கப் போகும்போது சாப்பிடச் சொல்வது இதனால்தான். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொல்வதற்குக் காரணம் வேறு: கொழுப்பு மிகுந்த உணவோடு சேர்ந்தால் ரத்தத்தில் எஃபவிரென்ஸின் உச்ச அளவு 79% வரை ஏறும். பரோட்டா, சால்னா சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டவர் நள்ளிரவில் எழுந்து தள்ளாடினால் அதில் ஆச்சரியமில்லை.

பகலில் ஆலையிலும் இரவில் வீட்டிலும் என்று ஒழுங்கான நேரம் உள்ளவருக்கு இது தாங்கக்கூடிய தொல்லை. இரவு லாரி ஓட்டுகிறவருக்கும், ஷிப்ட் மாறிமாறிப் போகிறவருக்கும், ஏற்கெனவே மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுப்பவருக்கும் அப்படியில்லை. மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ தலைதூக்கினால் அது மருந்தின் வேலையாக இருக்கலாம். அடுத்த மாதம் மாத்திரை வாங்கப் போகும் நாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

டோலுடெக்ராவிருக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. வெறும் வயிற்றிலும் சாப்பிடலாம், பிரியாணிக்குப் பிறகும் சாப்பிடலாம். காலையோ இரவோ, தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். இதிலும் சிலருக்குத் தூக்கம் கெடும், தலைவலி வரும். தூக்கம் கெட்டால் மாத்திரையைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். மனநிலை மாற்றம் இதிலும் அபூர்வமாக வரும்.

வேகமும் தடையும்

வைரஸை அடக்கும் வேகத்தில் டோலுடெக்ராவிர் தெளிவாக முந்துகிறது. 2013-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வைரல் லோடு, அதாவது ஒரு மில்லி ரத்தத்தில் இருக்கும் வைரஸின் எண்ணிக்கை, 50-க்குக் கீழே இறங்க டோலுடெக்ராவிர் குழுவினரில் பாதிப் பேருக்கு 28 நாட்களே ஆயின. எஃபவிரென்ஸ் குழுவில் 84 நாட்கள். டோலுடெக்ராவிருடன் அங்கே கொடுத்தது டெனோஃபோவிர் அல்ல, அபகாவிர். ஆனாலும் வேகத்துக்குக் காரணம் மூன்றாவது மருந்துதான்.

அதைவிட முக்கியம், மருந்தை எதிர்க்க வைரஸ் கற்றுக்கொள்வது. எஃபவிரென்ஸை முறியடிக்க வைரஸின் மரபுப் பொருளில் ஒரே ஒரு மாற்றம் போதும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 40 முதல் 55 மணி நேரம் ஆவதால், மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் மற்ற இரண்டும் வெளியேறிய பிறகும் எஃபவிரென்ஸ் மட்டும் தனியாகப் பல நாள் உடலில் நிற்கும். ஒற்றை மருந்தோடு மோதும் வைரஸுக்கு அது பயிற்சிக் களம். டோலுடெக்ராவிர் ஏறக்குறைய 14 மணி நேரத்தில் பாதியாகிறது. அதை மீற வைரஸுக்கு ஒரு மாற்றம் எளிதில் போதாது. பல நாடுகளில் புதிதாகச் சிகிச்சை தொடங்குகிறவர்களிடமே எஃபவிரென்ஸுக்கு அடங்காத வைரஸ் தென்பட்டது, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் டோலுடெக்ராவிரை முதல் தேர்வாக்கியதற்கு ஒரு காரணம்.

இதைக் கேட்டுவிட்டு, டி.எல்.டி என்றால் நாலு நாள் விட்டாலும் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். லாமிவுடினுக்கு இன்னும் ஒரே மாற்றம் போதும். மாதம் 30 மாத்திரையில் ஒன்று தவறினால் நீங்கள் போட்டது 96.7%, இரண்டு தவறினால் 93.3%. மையங்கள் எதிர்பார்க்கும் 95% இரண்டாவது மாத்திரையிலேயே கைநழுவிவிடும்.

மற்ற மாத்திரைகள்: டி.எல்.டி சறுக்கும் இடம்

டோலுடெக்ராவிர் இரும்பு, கால்சியம், அலுமினியம், மெக்னீசியம், துத்தநாகம் ஆகியவற்றோடு குடலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ரத்தத்தில் ஏறாது. மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டும் வைரல் லோடு இறங்காதவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: கூடவே என்ன சாப்பிடுகிறீர்கள்?

கணக்கு எளிது. டி.எல்.டி போட்டு 2 மணி நேரம் கழித்து அந்தச் சத்து மாத்திரையைச் சாப்பிடலாம். அல்லது சத்து மாத்திரை போட்டு 6 மணி நேரம் கழித்து டி.எல்.டி. இரும்புக்கும் கால்சியத்துக்கும் மட்டும் ஒரு சலுகை உண்டு: வயிறு நிறையச் சாப்பிட்டு, அந்தச் சாப்பாட்டோடு இரண்டையும் ஒன்றாகவே போடலாம். டைஜீன், ஜெலுசில் போன்ற அமில முறிவு மருந்துகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. சாப்பாடு இருந்தாலும் இடைவெளி வேண்டும். அதே நேரத்தில் ‘கேஸ் மாத்திரை’ என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஒமெப்ரசோல், பேன்டோப்ரசோல் டி.எல்.டி-யைத் தொடுவதில்லை. பெயர் ஒன்றாகச் சொல்லப்படுவதால் குழப்பம். மெடிக்கலில் வாங்கும்போது எது என்று பார்த்து வாங்குங்கள்.

சித்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். அயச்செந்தூரம் இரும்பு, சங்கு பஸ்பமும் பவள பஸ்பமும் கால்சியம். அதே இடைவெளியைக் கொடுங்கள். பாலும் கேழ்வரகுக் கூழும் சாப்பாடுதான். அவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரையும் கால்சியமும் சேர்ந்தே கொடுக்கிறார்கள், அந்த இரண்டும் தமக்குள்ளும் ஒத்துப்போகாது. அவர்களுக்கு இப்படி ஒரு நாளை அமைக்கலாம்: காலை 8:30-க்கு உணவுக்குப் பின் கால்சியம், மதியம் 1 மணிக்கு இரும்பு மாத்திரை, இரவு 9 மணிக்குச் சாப்பாட்டோடு டி.எல்.டி-யும் இரண்டாவது கால்சியமும்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டோலுடெக்ராவிர் அதை வெளியேறவிடாமல் தடுத்து ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டும். ஆகவே மெட்ஃபார்மின் நாளொன்றுக்கு 1000 மி.கி-ஐத் தாண்டக் கூடாது. வலிப்புக்குக் கார்பமசெபின், ஃபெனிடாய்ன், ஃபீனோபார்பிட்டோன் எடுப்பவர்களுக்கு டோலுடெக்ராவிர் அளவு சரிந்துவிடும். எந்த மருந்தை மாற்றுவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

காசநோய் வரும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினோடு டி.எல்.இ எந்த மாற்றமும் இல்லாமல் தொடரலாம். டி.எல்.டி எடுப்பவர்களுக்கு 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மி.கி. மட்டும் தனியாக இன்னொரு மாத்திரை வேண்டும்: காலை 8-க்கு டி.எல்.டி, இரவு 8-க்கு அந்தத் தனி மாத்திரை. ரிஃபாம்பிசின் முடிந்த அன்றே இதை நிறுத்தக் கூடாது, இன்னும் 2 வாரம் தொடர வேண்டும். காசநோய்ப் பிரிவும் ஏ.ஆர்.டி மையமும் வேறு வேறு கட்டடமாக இருக்கும் ஊர்களில் இந்த இரண்டாவது மாத்திரைதான் விடுபட்டுப் போகிறது. இரு இடத்திலும் இரு சீட்டையும் காட்டுங்கள்.

பெண்கள், கர்ப்பம், கருத்தடை

2018-இல் போட்ஸ்வானாவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. டோலுடெக்ராவிர் எடுத்துக்கொண்டிருக்கும்போதே கருவுற்ற 426 பேரில் 4 குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு, மூளை உருவாவதில் குறை. உலகமே பதறியது, பல பெண்களுக்கு எஃபவிரென்ஸையே கொடுத்தார்கள். அதே நாட்டில் பிரசவங்களை எண்ணிக்கொண்டே போனபோது அந்த விகிதம் இறங்கி, மற்ற மருந்து எடுத்த பெண்களின் விகிதத்தோடு சேர்ந்துகொண்டது. இன்று கர்ப்பிணிகளுக்கும் டி.எல்.டி-தான் முதல் தேர்வு. அந்தப் பழைய செய்தியைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தும் தாயால் குழந்தைக்கு எச்.ஐ.வி தொற்றும் ஆபத்து நிஜமானது.

கருத்தடையிலும் டி.எல்.டி-க்கே சாதகம். அது கருத்தடை மருந்துகளைக் குலைப்பதில்லை. எஃபவிரென்ஸ், கருத்தடை மருந்துகளில் இருக்கும் லெவோனார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோனின் அளவை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். உறவுக்குப் பின் போடும் அவசர மாத்திரையும், கையில் பதிக்கும் கருத்தடைக் குச்சியும் ஏமாற்றக்கூடும். டி.எல்.இ-யில் இருப்பவர்களுக்குக் காப்பர்-டி நம்பகமானது.

எடை, கிரியாட்டினின்

டி.எல்.டி-யில் எடை கூடுவது உண்மை. தென்னாப்பிரிக்காவில் 96 வாரம் பார்த்த ஓர் ஆய்வில் எஃபவிரென்ஸ் குழுவில் சராசரி 2 கிலோவும், டெனோஃபோவிரோடு டோலுடெக்ராவிர் எடுத்த குழுவில் சராசரி 4 கிலோவும் கூடின. பெண்களுக்கு அதிகம். நோயால் இளைத்திருந்தவருக்கு அது மீட்பு; ஏற்கெனவே பருமனானவருக்குச் சுமை. மாதாமாதம் மையத்தில் எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் சர்க்கரையைப் பாருங்கள்.

சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் கூடும் விஷயம் பலரைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறது. டோலுடெக்ராவிர் தொடங்கிய முதல் 4 வாரத்தில் அது 0.1 முதல் 0.2 மி.கி./டெ.லி. வரை ஏறி, அப்படியே நிற்கும். அது சிறுநீரகம் கெடுவதல்ல. கிரியாட்டினின் வெளியேறும் ஒரு வாசலை மருந்து கொஞ்சம் அடைக்கிறது, அவ்வளவே. நிற்காமல் தொடர்ந்து ஏறினாலோ சிறுநீரில் புரதம் வந்தாலோதான் டெனோஃபோவிரைச் சந்தேகிக்க வேண்டும். உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக்கை நாள்கணக்கில் விழுங்குவது இந்த இடத்தில் பெரிய தவறு. டெனோஃபோவிரோடு சேர்ந்து சிறுநீரகத்தை வீழ்த்திவிடும். பாரசிட்டமால் போதும்.

சிறுநீரகம் டெனோஃபோவிரைத் தாங்காத நிலையில் அதற்குப் பதில் அபகாவிர் வரும். அதில் முதல் 6 வாரத்துக்குள் காய்ச்சல், தடிப்பு, வாந்தி, இருமல் சேர்ந்து வந்தால் அன்றே மையத்துக்குப் போக வேண்டும். ஒவ்வாமை என்று உறுதியானால் வாழ்நாளில் மறுபடி அதைத் தொடவே கூடாது. அதற்குப் பதில் சிடோவுடின் கொடுத்தால் ரத்தசோகையைக் கவனிக்க வேண்டும். முதல் மருந்துகள் பலிக்காதபோது வரும் இரண்டாம் கட்ட மருந்தான அட்டசனாவிரைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். கண் மஞ்சளாகத் தெரியும், அது பெரும்பாலும் கல்லீரல் கெட்டதால் அல்ல. ஆனால் டி.எல்.டி-க்குப் பரவாயில்லை என்ற ஒமெப்ரசோல் இங்கே ஆகவே ஆகாது.

எங்கள் முடிவு, மாற்றும் நாள்

டோலுடெக்ராவிர் ஒத்துக்கொள்ளாதவர்களை விட்டுவிட்டால், டி.எல்.டி-யே மேல். காசநோய்க் காலத்திலும்கூட ஒரு மாத்திரை கூடுகிறது என்பதற்காக அதை விட வேண்டியதில்லை. டி.எல்.இ-யில் வைரல் லோடு அடங்கியிருப்பவர் பயந்து ஓட வேண்டிய அவசரமும் இல்லை, மையம் சொல்லும் நாளில் மாறலாம்.

மாறும்போது இடைவெளி வேண்டாம்: நேற்று இரவு டி.எல்.இ, இன்று டி.எல்.டி. இரண்டையும் ஒரே நாளில் போடக் கூடாது. மிச்சமான பழைய மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எஃபவிரென்ஸ் முழுதாக வெளியேற ஓரிரு வாரம் ஆகும், அதுவரை கனவுகள் தொடரலாம்.

மறந்துவிட்டால், நினைவு வந்த உடனே டி.எல்.டி-யைப் போடலாம், அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்குள் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். டி.எல்.இ-யை மறந்து காலையில் போட நேர்ந்தால் அன்று வண்டி ஓட்டாதீர்கள். எதிலும் இரண்டு மாத்திரையாகச் சேர்த்துப் போடுவது கிடையாது. போட்ட 1 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடுங்கள்.

மாத்திரையை அதன் டப்பாவிலேயே, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். பெயர் தெரிந்துவிடும் என்று பிளாஸ்டிக் கவருக்கு மாற்றினால் ஈரத்தில் கெடும்; வேண்டுமானால் டப்பாவின் லேபிளை மட்டும் மறையுங்கள்.

ஹெப்படைட்டிஸ் பி-யும் உள்ளவர்கள் டி.எல்.இ, டி.எல்.டி எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் அடக்கிவைத்திருக்கின்றன. நிறுத்தினால் கல்லீரல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். வெளியூரில் மாத்திரை தீர்ந்துவிட்டால் ஊர் திரும்பும்வரை பொறுக்காமல், ஏ.ஆர்.டி புத்தகத்தோடு பக்கத்து மையத்துக்குப் போங்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை.